வயிற்றில் புளி கரைத்த வாஷர்

மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கை நடுங்கவைக்கிற சாமான்களில் மிகச் சிறியது, பத்துக் காசு அகலம்கூட இல்லாத ஒரு செம்பு வளையம். இஞ்சினுக்கு அடியில் பழைய ஆயிலை வடிக்க ஒரு போல்ட் இருக்கும். டிரெயின் போல்ட் என்போம். அதன் தலைக்கும் இஞ்சினுக்கும் நடுவே இந்த வாஷர் நசுங்கி உட்கார்ந்தால்தான் ஆயில் உள்ளே நிற்கும். எழுபதுகளின் கடைசியில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பட்டறையில் நானும் சூசை அண்ணனும் வேலை பார்த்தோம். அந்தக் காலத்தில் பைக் வைத்திருந்தவர்களே, வண்டி நின்ற இடத்தில் கறுப்புச் சொட்டைப் பார்த்து நீங்களும் வயிறு கலங்கியிருப்பீர்கள். என்னோடு சேர்ந்து கலங்குங்கள்.

சத்தம் மட்டும்தான்

ஆரோக்கியசாமி ஜூரோங்கில் கப்பல் பட்டறை வெல்டர். "ஓடுறப்ப ஒரு சத்தம் வருது, கொஞ்சம் பாருங்க" என்று வண்டியை விட்டார். முந்தின நாள் வீட்டிலேயே தானே ஆயில் மாற்றியதை அவர் சொல்லவில்லை. கழற்றிய பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்தார். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போகும். மறுமுறை சரியாகப் படியாது. வண்டி நிற்கும்போது ஒழுகவில்லை. இஞ்சின் சூடாகி ஓடும்போதுதான் ஆயில் கசிந்து, காற்றில் பின்னால் பறந்து, பின்சக்கரத்தில் படிந்திருக்கிறது.

சத்தம் கேட்கலாம் என்று நான் ஓட்டிப் போனேன். அப்போதுதான் தூறல் விட்டிருந்தது. சிராங்கூன் ரோட்டில் திரும்பினேன். யாரோ காலைப் பிடித்து இழுத்த மாதிரி பின்சக்கரம் நழுவியது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். கண்ணைத் திறந்தால் கை நீட்டித் தொடும் தூரத்தில் பஸ்ஸின் முன்சக்கரம் நின்றிருந்தது. அதிலிருந்து வந்த சூடு முகத்தில் அடித்தது. பட்டறையிலிருந்து ஓடிவந்த ஆரோக்கியசாமி என்னைத் தூக்கவில்லை. பின்டயரைத் தடவி, விரலில் ஒட்டிய ஆயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "காலையில என் பொண்டாட்டி இதுல பின்னால உட்கார்ந்து கோயிலுக்கு வந்தா."

ஒழுகாத வண்டி

அதற்குப் பிறகு புது வாஷர் போட்டு அனுப்பினோம். மனுஷனுக்குப் பயம் போகவில்லை. அடுத்த முறையும் தானே ஆயில் மாற்றினார். வாஷரை நம்பாமல், கசிவை அடைக்கிற கேஸ்கெட் பசையை போல்ட் மரை முழுக்க அப்பி முடுக்கிவிட்டார். பட்டறைப் பக்கம் வந்து, "இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க லா" என்று காட்டினார். சூசை அண்ணன் குனிந்து பார்த்தார். வெளியே பிதுங்கிய பசை விளிம்பு கட்டி நின்றது. "வெளியே இவ்வளவு வந்திருந்தா உள்ளேயும் போயிருக்கும். விட்டுட்டுப் போங்க, கழற்றிப் பார்க்கிறோம்" என்றார். ஆரோக்கியசாமிக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்.

அந்த வாரமே ஜூரோங் போகிற வழியில் இஞ்சின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் மணல் லாரி. கிளட்சைப் பிடிக்க அவருக்கு எப்படித்தான் தோன்றியதோ, சக்கரம் விடுபட்டு வண்டி ஓரத்துக்கு உருண்டது. லாரி ஹாரன் அடித்தபடி சட்டையை உரசாத குறையாகப் போயிருக்கிறது. வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் இஞ்சினைப் பிரித்தேன். ஆயில் பம்ப்பின் சல்லடை முழுக்க ரப்பர் துணுக்கு மாதிரி பசை அடைத்திருந்தது. ஆயில் மேலே ஏறவே வழியில்லை. சல்லடையைக் காட்டினேன். "ஆனா ஒரு சொட்டுகூட ஒழுகலையே அண்ணே" என்றார்.

எனக்கும் தொற்றியது

புது பிஸ்டன், புது வாஷர். வெறும் செம்பு, பசை கிடையாது. போல்ட்டை நான்தான் முடுக்கினேன். போதுமான இறுக்கம் கைக்குத் தெரிந்தது, மனசுக்குத் தெரியவில்லை. அந்த பஸ் சக்கரம் கண்ணுக்குள் நின்றது. மறுபடி ஸ்பேனரை மாட்டினேன். சூசை அண்ணன் பின்னால் நின்று என் மணிக்கட்டைப் பிடித்தார். அலுமினிய இஞ்சின்; கூடுதலாக ஒரு இழுப்பு இழுத்தால் மரை உரிந்துவிடும். "கையை எடு தம்பி. இதுக்கு மேல முறுக்கினா, நீ பயந்ததே நடந்துடும்."

யார் முதலில் ஏறுவது

வண்டியை எடுக்க ஆரோக்கியசாமி மனைவி ஸ்டெல்லாவோடு வந்தார். அந்த அம்மாள் வண்டியைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, "நீங்க இதுல இவர் பின்னால ஏறுவீங்களாண்ணே?" என்று கேட்டார். ஏறமாட்டேன் என்று சொல்ல எந்த மெக்கானிக்கால் முடியும்?

ஏறினேன். வெயில் இல்லாத, காற்று வீசிய சாயங்காலம். ஆரோக்கியசாமி என்னைவிடப் பயந்து ஓட்டினார். நான் விழுந்த அதே திருப்பத்தில் வண்டி சாய்ந்தபோது, அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். சக்கரம் ரோட்டைப் பிடித்தபடியே திரும்பியது. பட்டறை வாசலில் நாங்கள் இறங்கியதும் ஸ்டெல்லா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தன் வெள்ளைக் கைக்குட்டையால் இஞ்சின் அடியைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "போல்ட் காய்ஞ்சுதான் இருக்கு. உங்க சட்டைதாண்ணே நனைஞ்சிருக்கு."

செம்போ அலுமினியமோ, வாஷர் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசாக இருக்கவேண்டும். பயத்துக்குப் பழசே போதும்.