என் பக்கத்து நாலு விரல்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பல விஷயம் மறந்தும் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மறக்காமல் இருப்பது ஒரு வாளின் பிடி. இரண்டு பேர் இழுத்து மரம் அறுக்கிற வாள் அது. ஒரு பிடி என் வீட்டுக்காரர் கையில், இன்னொன்று என் கையில். அவரோடு இழுத்துக்கொண்டிருந்த கொழுந்தன் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போய்விட்டதால் அந்தப் பிடி எனக்கு வந்தது. எழுபதுகளில் என்று நினைக்கிறேன். மகள் அப்போது கைக்குழந்தை.

காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு வெயில் விழாமல் மறைக்கும் மரங்களை வெட்டுவதுதான் எங்களுக்கு அதிகம். அவர் அவசரமாக ஒரு மரத்தில் கை வைத்து நான் பார்த்ததில்லை. சுற்றி வந்து, மரம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்ப்பார். ஓடுவதற்குப் பின்பக்கமாக ஆளுக்கொரு வழி, புல்லைச் செத்தி வைப்பார். வாளின் பல்லுக்கு அரம் போடுவார். விழவேண்டிய பக்கம் கோடாலியால் ஒரு வாய் போல வெட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் அதைவிடச் சற்று மேலே அறுத்து வருவோம். நடுவில் நாலு விரல் அகலம் அறுக்காமல் நிற்கவேண்டும்.

"அது கதவுக்குக் கீல் மாதிரி, புள்ள. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தாத்தான் நாம சொன்ன பக்கம் சாயும். ஒன் பக்கம் நாலு விரலுக்கு வந்ததும் சத்தமாச் சொல்லிரு. மரம் மறைக்கும், எனக்குத் தெரியாது" என்பார். ஆளில்லாத தோட்டங்களில் "நாலு" என்று சொல்லிவிடுவேன். உடனே வாள் நிற்கும்.

அன்றைக்கு ஒரு பெரிய வாகை. தோட்டத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். "என்னப்பா, வாளுக்கு வளவி மாட்டிக் கூட்டியாந்திருக்க?" என்றார் ஒருவர். "ஒங்கள மாதிரி இவ தள்ள மாட்டாண்ணே, இழுக்க மட்டுந்தான் செய்வா. அதான் வாள் வளையாம ஓடுது" என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

என் பக்கம் நாலு விரலுக்கு வந்தது. "நாலு" என்றேன். தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. பிடியை விட்டிருக்கலாம், பொம்பளைக்குக் கை ஓய்ந்துபோச்சு என்று சிரிப்பார்களே என்று இழுத்தேன். அடுத்த இழுப்பில் சொல்லிவிடலாம், அடுத்த இழுப்பில் சொல்லிவிடலாம் என்று, நாலு மூன்றாகி இரண்டாகிவிட்டது.

என் பக்கத்துக் கீல்தான் முதலில் பிய்ந்தது. அவர் பக்கம் இன்னும் நாலு விரலுக்கு வராமல் தடிப்பாக நின்றது. மரம் அந்தப் பக்கமே திரும்பியது. செத்தி வைத்த வழியில்தான் ஓடினார். மரமும் அந்த வழியிலேயே வந்தது. கம்பம் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது.

"பாவிக் காத்து வந்து திருப்பிருச்சு, ஆத்தா" என்று, சற்றுமுன் சிரித்த அதே ஆட்கள் அழுதார்கள். ஆமாம் என்றேன். அதைச் சொல்ல மட்டும் குரல் வந்தது. மகள் இன்றைக்கும் காற்று என்றுதான் நம்புகிறாள்.

இப்போது மிஷின் வாளோடு ஒரே ஆள் வந்து அறுத்துவிட்டுப் போகிறார். எதிர்ப்பக்கத்தில் குரல் கொடுக்க ஆள் வேண்டியதில்லை.

அன்றைக்கு இலை அசைந்ததா என்று எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் அறுக்கத் தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்: அவ்வளவு பெரிய வாகையைக் காற்று மட்டும் திருப்புமா? எனக்காக இரக்கப்பட்டுச் சொல்லவேண்டாம். மகளிடம் பேசுவதற்குமுன் எனக்கு அது தெரியவேண்டும்.