எட்டு அம்புக்குறிகளில் ஒரு கடலை மெஷின்

தமிழ்செல்வி அடித்துக் கொடுத்த கல்யாணப் பத்திரிகைகளை வரிசையாக ஒட்டினால் அண்ணாமலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு மிச்சமும் இருக்கும். 1999-இல் திருவண்ணாமலை தேரடித் தெருவில் அவளுக்கு ஒரு டிடிபி கடை, ஒரே கம்ப்யூட்டர். மாப்பிள்ளை பெயரும் முகூர்த்த நேரமும் அடித்து அடித்து அலுத்துப்போனவளுக்கு, படிக்கிறவர்கள் ஒரு வேலையைச் செய்து முடிக்கிற மாதிரி எதையாவது எழுதிப் பார்க்க ஆசை.

அந்த ஆசை கோதண்டராமன் ரூபத்தில் கடைக்குள் வந்தது. அவர் கடலை உடைக்கும் மெஷின் செய்து விற்பவர். வாங்கியவர்கள் ஓட்டத் தெரியாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவருடைய மொபெட்டுக்கே வழியெல்லாம் மனப்பாடம். அவர் மேலே உட்கார்ந்து தூங்கினாலும் அது கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்துவிடும்.

"பாத்த உடனே ஓட்டணும்மா, அந்த மாதிரி ஒரு கையேடு வேணும். வெள்ளிக்கிழம, புதுசா மெஷினு வாங்கியிருக்கற வேடியப்பன் கொல்லையில வெச்சுப் பாத்துடலாம். அவரு என்னைக் கூப்டாம ஓட்டிட்டாருன்னா, எங்க மெஷினு எல்லாத்துக்கும் நீதான் எழுதற. கூப்டாருன்னா, எழுதிக் குடுக்க மெட்ராஸ்ல ஒரு கம்பெனி இருக்குது."

எந்த மென்பொருளில் செய்வது? கடிதம் அடிக்கிற வேர்டில் வரிசை எண்கள் தாமாக வந்து நின்றன. ஆனால் ஒரு வரி சேர்த்தால் போதும், பெல்ட் படம் கார்த்திகை தீபக் கூட்டத்தில் கை நழுவிய பிள்ளைபோல நான்காம் பக்கத்தில் போய் நின்றது. பேஜ்மேக்கரில் படம் வைத்த இடத்தைவிட்டு அசையவில்லை, புத்தகமே கட்டலாம். ஆனால் பதினாறு பக்கம் வந்தது. கொல்லைக் காற்றில் பதினாறு பக்கத்தைப் புரட்டப்போவது யார்?

கடைசியில் படம் வரைகிற கோரல்டிராவைத் திறந்தாள். லாட்ஜுகளுக்காகப் பௌர்ணமிதோறும் அவள் அச்சடிக்கும் கிரிவலப் படம் அதில் தயாராக இருந்தது. நடுவில் மலை, சுற்றி எட்டு லிங்கம், இடையே அம்புக்குறிகள். மலையைத் தூக்கிவிட்டு மெஷினை வைத்தாள். லிங்கம் இருந்த இடமெல்லாம் ஒவ்வொரு வேலை. ஒரே தாளில் முடிந்தது.

வெள்ளிக்கிழமை வேடியப்பன் தாளை உற்றுப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மெஷின் தன் வலப்பக்கம் இருக்கும்படி நடக்க ஆரம்பித்தார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், சல்லடையை மாட்டினார், சுவிட்சைப் போட்டார், கடலையைக் கொட்டினார். பருப்பு தனி, தோல் தனி. எட்டாவது இடத்தில் மெஷினை நிறுத்தினார். தமிழ்செல்வி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

வேடியப்பன் மறுபடி போய் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

மூன்றாவது சுற்றில் கோதண்டராமன் வாயைத் திறந்தார். "இன்னாங்க, மூட்டையே தீந்துபோச்சு, இன்னும் சுத்திக்கினே இருக்கீங்க?"

"அம்பு நிக்கச் சொல்லலியே."

"என்னை ஒரு வாட்டி கூப்டணும்னு தோணலியா?"

"உங்களை எதுக்கு? அதான் எல்லாம் போட்டிருக்குதே."

கோதண்டராமன் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு தமிழ்செல்வி பக்கம் திரும்பினார். "நீயே எழுதும்மா. எட்டுலேருந்து ஒண்ணுக்குப் போற அந்தக் கடைசி அம்பை மட்டும் அழிச்சுடு."

"செருப்பு போட்டுக்கினு வாங்கன்னு முதல் கட்டத்துல சேத்துடறேண்ணா. கரண்டு சமாச்சாரம்."

"இதை மொதல்லியே போட்டிருக்கக்கூடாதாம்மா?" என்றார் வேடியப்பன், சுடும் மண்ணில் காலை மாற்றி மாற்றி வைத்தபடி.