ஆஸ்பத்திரி வராந்தாவில் வாய்மூடி உட்கார்ந்த நாள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஊரில் எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பட்டணத்தில் ஒரு கிடங்கில் வேலைபார்த்த என் வீட்டுக்காரர் மேல் மூட்டைகள் சரிந்து கால் நொறுங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று அவர் கூட்டாளி போட்ட கார்டு வியாழக்கிழமை காலையில் வந்தது.

மாமனார் படுத்த படுக்கை. அன்றைக்குப் பார்த்து எங்கள் வயலுக்கு ஏரித் தண்ணீர் முறை. கொழுந்தனார் மடையை விட்டு நகர முடியாது. நானே போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். அதுவரை நான் பூந்தமல்லியைத் தாண்டியதில்லை. ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். டிராமுக்கு முன்னால் ஓடாதே, மூட்டையைக் கீழே வைக்காதே, சிரித்துப் பேசுகிறவனை நம்பாதே. ஆஸ்பத்திரியில் என்ன கேட்பார்கள் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

பூந்தமல்லியில் ஏறிய, பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ் இரைத்து இரைத்துப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் பார்க்கலாம் என்றார்கள். நாலு அடித்ததும் நோட்டு வைத்திருந்த குமாஸ்தாவிடம் ஓடினேன்.

"யாரைப் பாக்கணும்?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

"பேரு?"

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ஊரில் பக்கத்தில் நிற்கும் யாராவது எனக்குப் பதிலாகச் சொல்லிவிடுவார்கள். விடிந்தால் ஆபரேஷன், இன்றைக்குப் போய் அந்தப் பேரைச் சொல்லுவேனா?

"திருப்பதி சாமி பேருங்க" என்றேன்.

"சாமிக்கு ஆயிரம் பேரும்மா! அத்தனையும் தேடிகினு இருந்தா மத்தவங்க இன்னா ஆவறது? ஓரமா நில்லு."

அவர் பேர் எழுதிய கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த மகா புத்திசாலி நான். வராந்தா ஓரத்தில் உட்கார்ந்தேன். பழமும் தூக்குமாக ஜனங்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் தெருவில் கண்ணைத் துடைத்தாலே நாலு பேர் வந்துவிடுவார்கள். இங்கே விக்கி விக்கி அழுதும் ஏன் என்று கேட்க நாதி இல்லை. அத்தனை தனியாக நான் அதற்கு முன் இருந்ததே இல்லை.

கடைசியில் பெருக்க வந்த ஒரு பெண்தான் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துடைப்பத்தைத் தட்டினாள்.

"இன்னாமே, இதுக்கா குந்திகினு கீறே? மணி அடிக்கப் போறான். அப்பால நாளைக்குத்தான்."

நாளைக்கா! எழுந்து ஓடினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் பேரைக் கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. குமாஸ்தா நோட்டைப் புரட்டிப் படுக்கை நம்பரைச் சொன்னார்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தோளைத் தொட்டேன். என்னைப் பார்த்ததும் குழந்தை மாதிரி அழுதார்.

"நாலு மணியிலேருந்து வாசலையே பாத்துகினு இருந்தேன். எல்லாருக்கும் ஆள் வந்துச்சு. எனக்கு யாரும் இல்லேன்னு திரும்பிப் படுத்துட்டேன்."

பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துகொண்டே நாற்பது வருஷம் என்னோடு வாழ்ந்தார். பேரைச் சொன்னதால் அவர் ஆயுசில் ஒரு நாளும் குறையவில்லை. சொல்லாமல் நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த ரெண்டு மணி நேரத்தைத்தான் குறைத்துவிட்டேன் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.