தாயத்துக்குக் காத்திருந்த குழந்தை

தொண்ணூற்றொன்றில் வாலாஜாபாத் சாலையோரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் சுகாதார ஆய்வாளர். கிராம செவிலியர்களுக்கு வயிற்றுப்போக்குப் பாடம் எடுப்பதும் என் தலையில் விழுந்தது. நான் பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவார்கள்.

அதனால் ஒரு தாயக்கட்டம் செய்தேன். மறைமலை நகரிலிருந்து மருந்து வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கட்டம் போட்டேன். ஊசிமருந்துப் புட்டியின் ரப்பர் மூடிகள்தான் காய்கள். ஒவ்வொன்றும் பேதியான ஒரு குழந்தை. தாய்ப்பாலை நிறுத்தியதாக எழுதிய கட்டத்தில் நின்றால் பின்னால் போகும். கண் குழி விழுந்ததைக் கவனித்ததாக இருந்தால் முன்னால். நடுக்கட்டம் சேர்ந்தால் பிழைத்தது.

மாவட்ட அதிகாரி பார்க்க வந்தார். "புடிச்சா எல்லா நிலையத்துக்கும் அனுப்பலாம். இல்லேன்னா பழையபடி பாடம்தான்" என்று சொல்லி, அவரே செவிலியர்களோடு உட்கார்ந்து கட்டையை உருட்டினார். தாயம் விழாமல் காயை இறக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். யோசிக்காமல் அதை அப்படியே வைத்திருந்தேன். அவருக்கு இரண்டு விழுந்தது, மூன்று விழுந்தது, மறுபடி மூன்று. தாயம் மட்டும் விழவில்லை.

"இன்னா சார், உங்க கொயந்த இன்னும் வூட்லயே கீது" என்றார் எதிரில் ஆடிய செவிலியர். "தாயம் வுழறதுக்குள்ள சுருண்டுடும் போல."

அதிகாரி சிரிக்காமல் என்னைப் பார்த்தார். "ஏன்யா, தாயம் விழலேன்னா வைத்தியம் கிடையாதா?"

வியர்வையில் என் சட்டை நனைந்தது. வாய் மட்டும் என்னைக் கேட்காமல் பேசியது. "உண்டு சார். உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்குறதைச் சரியாச் சொன்னா தாயம் இல்லாமலே இறங்கலாம். வீட்லயே ஆரம்பிக்கிற வைத்தியம் சார்."

"இந்த விதி எங்க இருக்கு?"

"இப்பத்தான் சார் பொறந்துச்சு."

செவிலியர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தார்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். காயை இறக்கினார்.

பிறகு யாரும் தாயத்துக்குக் காத்திருக்கவில்லை; கரைசல் சொல்லியே காயை இறக்கினார்கள். "இன்னாமே, இவ்ளோ உப்பு போட்டா கொயந்த இன்னாத்துக்கு ஆவும்?" என்று ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். ஜீப் ஓட்டுநர் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். அதிகாரி தோற்ற பிறகுதான் எழுந்தார்.

"அந்த விதியையும் சேர்த்து, நிலையத்துக்கு ஒண்ணு செஞ்சு அனுப்புய்யா."

ஜீப் மறையும்வரை விறைப்பாக நின்றேன். பிறகு உள்ளே ஓடி, எனக்கும் ஒரு காய் வைக்கச் சொன்னேன்.

"மொதல்ல கரைசல் சொல்லுங்க சார்" என்றார் செவிலியர்.

இருந்த பெருமையில் உப்பின் அளவு எனக்கு நினைவுக்கே வரவில்லை.