மாலை விழுந்த மருமகள்

ஒப்பனை நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வங்காள வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள் கீதாஞ்சலி. உதவி இயக்குநர் அன்றைய காட்சியை வாசிக்க வாசிக்க, முழங்கால்மேல் வைத்த அட்டையில் பேனா ஓடுகிறது. தமிழில் இருப்பது ஒரே ஒரு 'ப'. வங்காளத்துக்கு நாலு வேண்டும். அதற்கு அவளே ஒரு வழி செய்துகொண்டிருக்கிறாள்: ஒரு 'ப'வுக்குத் தலையில் புள்ளி, ஒன்றுக்கு வால், ஒன்றைச் சுற்றி வட்டம். "இதை எங்கம்மாகிட்ட காட்டினா மந்திரவாதி எழுதினதுன்னு கிழிச்சுப் போட்டுடுவா" என்று சிரிப்பாள்.

பிறந்து வளர்ந்ததெல்லாம் கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம். அப்பா ஸ்ரீனிவாசராகவன் பாங்க் அதிகாரியாக இருந்தவர். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் இந்தியும் கற்றாள். தமிழ் எழுத்து அம்மா ஜெயலக்ஷ்மி சொல்லிக்கொடுத்தது. வங்காளம் தெருவில் விளையாடிக் காதோடு வந்தது, எழுத்து மட்டும் வரவில்லை. பேச்சு வந்த விதத்தில் குறை சொல்ல ஆளில்லை. அவள் பேசினால் வடகொல்கத்தா வீட்டுப் பெண்கள்கூட எந்தத் தெரு என்றுதான் கேட்பார்கள், எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு, மறைக்கவும் மாட்டாள்.

மீன் தொடமாட்டாள். வங்காள சீரியலில் மீன் இல்லாமல் சாப்பாட்டுக் காட்சி கிடையாது என்பதால், வேலையை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுவாள். "முதல்லயே சொல்லிட்டேன், அப்புறம் என்னைச் சொல்லப்படாது." கலை உதவியாளர்கள் வாழைக்காயைச் சீவி, மசாலா தடவி, மீன் துண்டாக்கித் தட்டில் வைப்பார்கள். அதில் இல்லாத முள்ளை விரலால் தடவி எடுத்து ஓரமாக வைப்பாள் பாருங்கள், பார்க்கிறவர் தொண்டையில் முள் குத்தும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வாழைக்காய்க்காக ஒரு தட்டு பறந்தது. அப்போது அவள் ஒரு தினசரி சீரியலின் கதாநாயகி. 'பொரோ பௌ', அதாவது மூத்த மருமகள். கரியாஹாட்டில் புடவை எடுக்கப் போனால் கடைக்காரர்கள் கல்லாவை விட்டு இறங்கி வருவார்கள். துர்கா பூஜைப் பந்தல்களில் நாடா வெட்டக் கூப்பிட்டார்கள். இருபத்துநாலு வயது. உலகமே தனக்காக விளக்குப் போட்டு நிற்கிறது என்று நினைக்க அது போதாதா? முதலில் அரைமணி தாமதம். பிறகு வசனம் பிடிக்கவில்லை. பிறகு இன்னொரு நடிகையின் புடவை தன்னுடையதைவிடப் பளிச்சென்று இருக்கிறது. வாழைக்காயில் உப்பு இல்லை என்று தட்டை வீசிய அன்று தளத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துவிட்டார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மாமனார் இறந்துபோகிற காட்சி வந்தது. மாமனாராக நடித்தவர் நிஷிகாந்த பாபு, மேடையில் பழுத்த மனிதர். மூக்கில் பஞ்சு, மேலே வெள்ளைத் துணி, சுற்றிலும் விளக்கு. ஒலிப்பதிவுக்காக ஏசியை நிறுத்தியிருந்தார்கள். மருமகள் வந்து காலில் விழுந்து அழவேண்டும். மருமகளோ ஒப்பனை அறையைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தாள். முதல் க்ளோஸப் இரண்டாவது மருமகளுக்கு என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். பேச்சுவார்த்தை நடந்தது. கதவு திறந்தபோது நிஷிகாந்த பாபுவை எழுப்ப முடியவில்லை. மயங்கிப் போயிருந்தார். தண்ணீர் தெளித்தார்கள், காரில் ஏற்றினார்கள். "அப்ப நான் போகலாமா?" என்று கேட்டுவிட்டுக் கீதாஞ்சலி வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரமே மூத்த மருமகள் கங்கையில் படகு கவிழ்ந்து செத்துப்போனாள். செய்தியை அவளிடம் யாரும் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டோடு டிவி பார்த்துக்கொண்டிருந்த ஜெயலக்ஷ்மிதான் முதலில் பார்த்தாள். சுவரில் மகளின் படம், அதற்குச் சந்தன மாலை, முன்னால் ஊதுவத்தி. கையிலிருந்த சாதம் தட்டில் விழுந்தது. "உயிரோட இருக்கற கொழந்தை படத்துக்கு மாலையைப் போட்டுட்டாளே!" என்று எழுந்து ஓடிப்போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். கீதாஞ்சலி சத்தம் போட்டுச் சிரித்தாள். "எத்தனை நாளைக்கு? அவாளே வந்து கூப்பிடுவா பாரு."

யாரும் கூப்பிடவில்லை. "இந்த வேஷத்துக்கு உங்க முகம் பொருந்தாது தீதி" என்று மரியாதைக்கு ஓர் அக்காவும் போட்டுச் சொன்னார்கள். "தேதி ஒத்துவரலை" என்றார்கள். எல்லாத் தேதியும் காலியாக வைத்திருப்பவளுக்குத் தேதி ஒத்துவரவில்லை! பூஜை வந்தது, போனது. நாடா வெட்ட வேறு கை இருந்தது. கடைசியில் கார்ட்டூன் ஒன்றில் வாத்துக்குக் குரல் கொடுத்தாள். ஜெயலக்ஷ்மி அதையும் விடவில்லை. பக்கத்து வீட்டு போஸ் மாசிமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அந்த வாத்து நம்ம கீதாவாக்கும்" என்று காட்டினாள்.

ஒருநாள் கரியாஹாட் நடைபாதையில் கீதாஞ்சலி அன்னக்கிளியைப் பார்த்தாள். சீரியலில் அவளுக்குச் சிகை அலங்காரம் செய்தவள். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். அவளும் கொல்கத்தாவிலேயே பிறந்தவள். கொண்டை வலை பேரம் பேசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். கீதாஞ்சலி நகரவில்லை.

"என்னை ஏன் யாருமே கூப்பிடறதில்லை? உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரியும்மா. சொன்னா கோவிச்சிப்பீங்க."

"சொல்லு."

"உங்க பேரச் சொன்னா லைட்மேன் அந்தப் படத்துக்கு வரமாட்டேன்றான். சமையக்காரன் வரமாட்டேன்றான். நடிப்பப் பத்தி யாரும் ஒரு கொற சொல்லலை. கூட வேலை செய்யத்தான் ஆளில்ல." அன்னக்கிளி வலையைக் கீழே வைத்தாள். "வங்காளத்துல திட்டுனா எல்லாருக்கும் புரிஞ்சிடும்னு என்ன மட்டும் தமிழ்ல திட்டுவீங்க. எனக்குப் புரியுமேம்மா. எனக்கு மட்டுந்தான் புரியும். எங்கிட்ட நீங்க தமிழ் பேசினது திட்டறதுக்கு மட்டுந்தான்."

கூட்டம் இடித்துக்கொண்டு போனது. "அக்கா" என்றாள் கீதாஞ்சலி. அதுவரை அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே ஜாதவ்பூருக்குப் போனாள், நிஷிகாந்த பாபு வீட்டுக்கு. பெரியவர் லுங்கியோடு கதவைத் திறந்தார். அன்றைய மயக்கம் தன்னால்தான் என்று அவள் சொல்லி முடித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னார்: "மயக்கம் உன்னால வரலை, அம்மா. எனக்கு சர்க்கரை, காலையில சாப்பிடாம வந்துட்டேன். அதை நான் எப்பவோ மறந்தாச்சு. ஆனா நீ அறையை விட்டு வெளியே வந்தப்போ நான் கீழே கிடந்தேன். என்னைத் தாண்டித்தான் போனியாம். குனிஞ்சு ஒரு தடவை பார்த்திருக்கலாம்." தேநீர் கொடுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதுகொண்டே வந்தாள். எதிர் இருக்கைக்காரி பார்த்துவிட்டு, "பொரோ பௌதானே? படகு கவிழ்ந்ததும் ரொம்ப அழுதேன்" என்றாளாம். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு வந்தது ஒரு நர்ஸ் வேஷம். ஒரே ஒரு வசனம்: நோயாளிக்கு நினைவு திரும்பிவிட்டது. அதையும் வாங்கிக்கொடுத்தது அன்னக்கிளிதான். "அது ஏதாவது கலாட்டா பண்ணுச்சுன்னா எம் பேரையும் சேத்து அடிச்சிடுங்க" என்று தயாரிப்பு நிர்வாகியிடம் சொல்லியிருந்தாள். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிற வேலையை அப்படிப் பணயம் வைப்பதற்கு அவளுக்கு என்ன தலையெழுத்து என்று தளத்தில் கேட்டார்கள். "அதுக்கு வேலை தெரியும். எனக்கு ஆள் தெரியும்" என்று சொல்லிவிட்டு வாயில் கொண்டை ஊசியைக் கவ்விக்கொண்டாள்.

நாள் முழுக்கக் காத்திருந்தாள் கீதாஞ்சலி. நிழலில் ஒரு காலி நாற்காலியைப் பார்த்து உட்காரப் போனபோது, ஒரு காலத்தில் அவளுக்குக் குடை பிடித்தவன் வந்து, "இது ஆர்ட்டிஸ்டுக்கு, தீதி. நீங்க வெளியே உட்காருங்க" என்றான். அவன் குரலில் கொஞ்சம் ருசி இருந்தது. கீதாஞ்சலி வெடுக்கென்று அவன் பக்கம் திரும்பினாள். தளத்தின் அந்தக் கோடியில் அன்னக்கிளி ஒரு தலையைப் பின்னுவதை நிறுத்திவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீதாஞ்சலி போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். காட்சி வந்தபோது கதாநாயகன் வசனத்தை மறந்து மறந்து திணறினான். ஒவ்வொரு தடவையும் இவள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, அப்போதுதான் நோயாளி கண் விழித்ததுபோல அந்த ஒரு வரியைச் சொன்னாள். இயக்குநர் மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கி, "யாரது நர்ஸ்?" என்று கேட்டார்.

அதிலிருந்து டீச்சர், வக்கீல், எதிர்வீட்டு விதவை என்று ஒவ்வொன்றாக வந்தன. லைட்மேன்கள் வரமாட்டேன் என்று சொல்வது எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. இப்போது முப்பத்துநாலு வயதில், புதுத் தொடர் ஒன்றில் அம்மா வேஷம். கதையே அவள் தோளில். சேனல்காரர்கள் பழைய கதையைக் கிளறினார்களாம். யூனிட்டில் ஒருத்தர் விடாமல் அவள்தான் வேண்டும் என்றார்களாம். இதைச் சொல்லும்போது கீதாஞ்சலி கழுத்தை நிமிர்த்திக்கொள்கிறாள். "கதாநாயகியா என்னைப் போட்டது சேனல். அம்மாவா போட்டது யூனிட். எது பெரிசுன்னு நீங்களே சொல்லுங்கோ!" ஜெயலக்ஷ்மியின் பெருமைக்கோ அளவில்லை, மகளின் படத்தை வாசலில் மாட்டாத குறைதான்.

முதல் நாள் படப்பிடிப்பு. வீட்டைவிட்டுப் போகும் மகளை அம்மா தடுக்கிற காட்சி. மகளாக நடிப்பது ஸ்னேகா என்ற புதுப்பெண். கேமரா முன் அன்றுதான் முதல்முறை நிற்கிறாள். கீதாஞ்சலியின் பக்கத்தை எடுத்து முடித்ததும் தளம் கைதட்டியது. "தீதி, உங்களுக்கு பேக்கப், கிளம்பலாம்" என்றார் இயக்குநர். இனி ஸ்னேகாவின் முகத்தை மட்டும் எடுக்கவேண்டும். அம்மாவின் வரிகளைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து உதவி இயக்குநர் படித்தால் போதும். பெரிய நடிகர்கள் இந்த நேரத்தில் காரில் ஏறியிருப்பார்கள். கொண்டையைப் பிரிக்க அன்னக்கிளி கிட்டே வந்தாள். கீதாஞ்சலி இரு என்று கை காட்டினாள். கேமராவுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே இருந்த இடுக்கில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உடம்பை ஒடுக்கி நுழைந்தாள். விளக்கின் சூடு கன்னத்தில் அடித்தது. எந்தக் கேமராவும் பார்க்காத அந்த இடத்தில் நின்று, அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்து, மறுபடியும் முதலிலிருந்து அழத் தொடங்கினாள்.