ராகு காலத்தில் நுழைந்த மெயில்

ஆபீஸ் மெயிலைக் கட்டி மேய்ப்பது நன்றி கெட்ட வேலை: வந்த மெயிலுக்கு அனுப்பியவரைப் பாராட்டுவார்கள், வராத மெயிலுக்கு நம்மைத் தேடுவார்கள். சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான் இருப்பது மலேசியாவில், ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில்.

அப்புறம் வா

குப்பை மெயில் தாங்க முடியாமல் ஓர் ஏற்பாடு செய்தேன். முன்பின் தெரியாதவர் மெயில் அனுப்பினால் எங்கள் சர்வர் "இப்போது முடியாது, அப்புறம் வா" என்று திருப்பிவிடும். ஒழுங்கான சர்வர் அரை மணி நேரத்தில் தானாகவே மறுபடி வரும். அப்போது உள்ளே விடுவோம். குப்பை அனுப்புகிறவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மேனேஜரிடம் பெருமையாக விளக்கினேன். அவர் அசரவே இல்லை. "இதத்தானம்மா நம்ம கவுண்டர்ல இத்தன வருசமா செஞ்சுகிட்டு இருக்கோம்?"

ஆலை நின்ற காலை

ஆலையில் ஒரு பம்ப் பழுதாகிவிட்டது. புதுப் பாகத்தின் படத்தைப் பக்கத்து ஊரான செனாவாங்கின் கடைக்காரர் அனுப்பிவிட்டதாகப் போனில் சொல்லிவிட்டார். புதியவர் ஆயிற்றே, சர்வர் காக்க வைத்தது. போர்மேன் என் மேசை முன்னால் வந்து நின்றார். "செனாவாங்லேருந்து மெயிலு என்ன, பஸ் புடிச்சா வருது?"

கிராணி வீட்டு ஜாதகம்

துரைராஜா எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அவருடைய ஒரே மகள் சுகன்யாவுக்கு ஈப்போவிலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. அவளுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. ஜாதகம்தான் பாக்கி. வாட்ஸ்அப்பில் கட்டம் மங்கலாகத் தெரியும் என்று கிராணி ஆபீஸ் முகவரியைக் கொடுத்திருந்தார்.

பையனின் அப்பா வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, தன் கம்பெனி மெயிலில் அனுப்பினார். எங்கள் சர்வர் அப்புறம் வா என்றது. மறுபடி வந்து நுழைந்தபோது ராகு காலம் தொடங்கியிருந்தது. கிராணி அதைத் திறக்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "நல்ல நேரத்தில வந்த ஆக்கள வாசல்ல நிப்பாட்டிப் போட்டியே, பிள்ளை."

இரண்டாம் முறை

திங்கட்கிழமை மறுபடி அனுப்பச் சொன்னார் கிராணி. எங்கள் ஆபீசில் அரை மணி நேரம் காக்க வைப்பார்கள் என்பதையும் போனில் சொல்லிவைத்தார். பையனின் அப்பா கணக்குப் போட்டார். ராகு காலம் ஒன்பதுக்கு முடியும். போய்ச் சேருவது நல்ல நேரமாக இருக்கட்டும் என்று எட்டே முக்காலுக்கே அனுப்பிவிட்டார். ஆனால் ஒரு தடவை உள்ளே வந்தவரை எங்கள் சர்வர் மறக்காது. அந்த நிமிடமே கதவைத் திறந்துவிட்டது.

கிராணி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். இந்த இடம் வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தவர், முதலில் மகளை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு சுகன்யா சொன்னாள்: "நமக்கு நல்ல நேரத்துல கிடைக்கணும்னு கெட்ட நேரத்த அவங்க எடுத்துகிட்டாங்க, அப்பா. வேற என்ன பொருத்தம் வேணும்லா?"

கல்யாணப் பத்திரிகையைக் கிராணி நல்ல நேரம் பார்த்து என் மேசைக்கே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். என் சர்வர் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.