சொட்டு அக்காவின் கைச்சூடு

கண்ணுக்குத் தெரிகிற எதையும் அளக்க வேண்டியதில்லை என்பது சொட்டு அக்காவின் கொள்கை. வீட்டில் அரிசி, எண்ணெய், உப்பு எல்லாம் கைக்கு வந்த அளவுதான். மூன்று பேருக்குச் சமைத்தால் தெருவே சாப்பிடலாம். உப்பு அடுத்த தெருவுக்கும் வரும். இதே மனுஷிதான் மருத்துவமனையின் பின்கட்டிடத்துப் பரிசோதனைக்கூடத்தில், குண்டூசித் தலை அளவுகூட இல்லாத ஒரு சொட்டுக்குள் டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்கிறவர். பட்டப்பெயர் அங்கே வைத்தது.

இந்த முரண்பாட்டை ஊருக்கு அறிவித்தவர் அக்காவின் நாத்தனார். கணவரின் தங்கை, பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், அதே வீட்டில் பக்கத்து அறை. சாப்பிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வார்: "கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் அளப்பாங்களாம். தட்டுல இருக்கற உப்பு மட்டும் தெரியாதாம்."

அக்காவும் அதே சுவரிடம்தான் பதில் சொல்வார். "வாய்க்கு விளங்கலைன்னா மூணாவது தடவை எதுக்குப் போட்டுக்கறாங்களாம்?"

கணவர் இருபக்கமும் அடிவாங்கும் மத்தளம். ஆனால் காது கேட்காத மத்தளம். நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார்.

அக்காவின் வேலையில் ஒரு சாயம் உண்டு. தனியாக இருக்கும்போது அது மங்கிக் கிடக்கும். டி.என்.ஏ.வைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும்; ஒட்டிய பிறகு அதன்மேல் நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு டி.என்.ஏ. அறையில் பழைய கருவி ஒன்றும் இருக்கிறது. சாயம் கேட்காது, சட்டென்று எண்ணைச் சொல்லிவிடும். ஆனால் டி.என்.ஏ.வோடு கலந்து வந்த கசடையும், கூட்டத்துக்கு வந்தவர்களோடு நாற்காலி போட வந்தவரையும் எண்ணுவதுபோல், சேர்த்து எண்ணுகிற ரகம். அக்காவுக்கு அதோடு பேச்சுவார்த்தை கிடையாது.

பாட்டு டீச்சருக்கு இருமல் நிற்கவில்லை. படம் எடுத்ததில் நுரையீரலில் ஒரு நிழல். முதுகு வழியாக ஊசி விட்டுத் துணுக்குச் சதை எடுத்தார்கள். அக்காதான் கூடப் போனார். வெளியே வந்தபோது டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னொரு தடவை இதுக்கு வரமாட்டேன் அண்ணி. செத்தாலும் சரி."

"வாயைக் கழுவு."

"கழுவறேன். ஆனா வரமாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் என்று அக்காவுக்குத் தெரியும். பிடிவாதத்தில் நாத்தனாரை மிஞ்ச வீட்டில் ஒருவர்தான் உண்டு, அது அக்கா. எந்த மருந்து பொருந்தும் என்று சொல்லும் மரபணுச் சோதனைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு டி.என்.ஏ. வேண்டும் என்று ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்குக் கீழே போனால் மறுபடி ஊசி. ஊசிக்கு அவள் வரமாட்டாள்.

அந்தத் துணுக்கு அக்காவின் பரிசோதனைக்கூடத்துக்கே வந்தது. குப்பியில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. ஆனால் அந்த வாரம் நுரையீரலிலிருந்து வந்தது அது ஒன்றுதான். எதற்கும் வாதாடுகிறவர் என்பதால் வக்கீல் என்று பெயர்வாங்கிய சக ஊழியர், "நான் பாக்கட்டுமா அக்கா?" என்றார்.

"நீ பாத்தா உன் கை மேல எனக்குச் சந்தேகம் வரும்."

அக்காவே டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதில் ஒரு சொட்டைச் சாயத்தோடு கலந்து, சின்னக் குழாயை மூடினார். சாயம் ஒட்டுவதற்குச் சற்று நேரம் இருட்டில் வைக்க வேண்டும். பிறகு சாயத்தின் ஒளியை அளக்கும் கருவிக்குள் வைத்தார். எண் வந்தது. கோட்டுக்குக் கீழே.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "பழைய மெஷின்ல பாருங்களேன். அது தாராளமா காட்டும்."

"காட்டும். நாற்காலி போட வந்தவனையும் சேத்துக் காட்டும். அதை நம்பி அனுப்பி, சோதனை பாதியில நின்னா? மறுபடி ஊசிதான்."

"அப்ப குறைவுன்னு எழுதிடவா?"

"இரு."

குழாயை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து மறுபடி வைத்தார். எண் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வக்கீல் திரையைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "டி.என்.ஏ. என்ன, எழுந்து வீட்டுக்குப் போயிடுச்சா? அக்கா, இவ்வளவு நேரம் குழாயை எங்க வச்சிருந்தீங்க?"

அக்கா தன் வலது கையைப் பார்த்தார். அது இன்னும் எதையோ பிடித்திருப்பதுபோல் மூடியே இருந்தது. சாயம் கலந்ததிலிருந்து குழாய் அதற்குள்தான் இருந்திருக்கிறது.

சூடு பட்டால் சாயத்தின் ஒளி மங்கும். டி.என்.ஏ. குறைவதில்லை, வெளிச்சம்தான் குறைகிறது. அந்த அறையில் எல்லாருக்கும் இது தெரியும். காரணம், குழாயைக் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். வக்கீலும் வாங்கியிருக்கிறார். இப்படி ஒரு நாள் வாய்க்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"குழாய் என்ன குருவி முட்டையா? கைக்குள்ள வச்சு அடைகாக்கறீங்க?" என்றார், அக்காவின் குரலிலேயே.

"சிரிச்சா கொன்னுடுவேன்."

"நான் சிரிக்கலையே."

"நீ இனிமே தொடு. நான் தொடமாட்டேன்."

வக்கீல் குழாயைத் தாங்கியில் நிறுத்தி, வெளிச்சம் படாமல் மூடினார். அது ஆறும்வரை அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் வக்கீல் எடுத்து வைத்தார். எண் கோட்டுக்கு மேலே வந்து நின்றது. தாராளம் என்று சொல்ல முடியாது. போதும்.

"நீயே கையெழுத்துப் போடு. நான் போட்டா நானே நம்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா மாடிப்படிக்குப் போனார். மருந்து எது, கேட்குமா கேட்காதா என்பதெல்லாம் இனிமேல்தான். ஆனாலும் ஃபோன் போட்டார்.

"ஊசி வேணாம்."

மறுமுனையில் கொஞ்சம் இருமல். பிறகு, "யார் பாத்தது? நீங்களா?"

"நான் இல்ல. கூட வேலை பாக்கறவர்."

"அப்ப சரி. நம்பலாம்" என்று ஃபோனை வைத்துவிட்டார் டீச்சர்.

அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் திரும்ப அடித்தது.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு" என்றார் அக்கா. அன்று அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.